பிள்ளைகளுக்கு முன்னால் ஏறியவர்

வண்டி ஓட்ட வருகிற யாரிடமும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க, வண்டிய எங்கெங்க நிறுத்துவீங்க?" என்பதுதான். எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள், குதிரைக்கு என்ன வயது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வந்தவர் விழிப்பார். "நீங்க சொல்ற எடத்துல நிறுத்துறேம்மா" என்பார். அக்காவுக்கு அந்தப் பதில் போதாது.

"நான் சொல்லாத எடத்துல?"

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. ஆறும் ஒரே புகையிலை வியாபாரிக்குச் சொந்தம். என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நாங்கள் ஐந்தாம் வீடு. அக்கா மூன்றாம் வீடு. உறவில்லை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். பழனிக்குப் பக்கம் கீரனூரில் பிறந்தவர் என்பதால் பேச்சில் 'ங்க' ஒட்டிக்கொண்டே வரும். நான் நத்தத்துக்காரி. என் பேச்சு அவருக்குச் சண்டை போடுவதுபோல இருக்கிறது என்பார். என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். அவர் கணவர் அதே வியாபாரியிடம் ஊர் ஊராகப் போய்ப் புகையிலை கொள்முதல் செய்கிறவர். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டார். மூன்று பிள்ளைகளையும் அக்காதான் பார்த்துக்கொண்டார்.

ஐம்பத்தேழில் நாங்கள் குடிவந்த மாதமே வரிசையின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஒரு ஜட்கா தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஆண்கள் யாரிடமாவது விட்டிருந்தால், முதலில் வந்த வண்டிக்காரரையே 'நாளையிலிருந்து வா' என்று சொல்லி முடித்திருப்பார்கள். அக்கா வண்டியில் தானே ஏறி உட்கார்ந்தார். "நீயும் வா அம்மிணி. உன் பிள்ளைகளும்தானே போகப்போகுது."

சந்தை நாள், காலை பத்து மணி. கடைவீதி வழியாகப் போகச் சொன்னார். பாதி வழியில் இன்னொரு ஜட்கா எங்களை முந்திப் போனது. அதன் ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், எங்கள் ஆள் குதிரையைச் சாட்டையால் இரண்டு வீசு வீசினார். அடுத்த தெரு முனையில் அக்கா இறங்கிக் கூலியைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

"என்னக்கா, நல்லாத்தான ஓட்டுனாரு?"

"ஒருத்தன் சிரிச்சதுக்கே குதிரைய அடிச்சுப்போட்டாரு. நம்ம பிள்ளைக ஒம்பது பேரு பின்னால உக்காந்து கத்தும். அப்ப என்ன பண்ணுவாரு?"

இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், போனார்கள். நான்காவதாக வந்தவர் பேகம்பூரிலிருந்து ஒரு பாய், வயதானவர். அவர் வண்டியில் ஏறிப் போனபோது ரயில்வே கேட் அடைத்திருந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் முண்டியடித்து முன்னால் போய் நின்றன. பாய் வெகு தூரத்திலேயே நிறுத்தி, இறங்கிப்போய்க் குதிரையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் போய், கேட் திறந்து, எல்லா வண்டிகளும் போன பிறகுதான் ஏறினார்.

"ஏன் பாய் இம்புட்டுத் தள்ளி நிறுத்திட்டீக?" என்று நான் கேட்டேன்.

"எஞ்சின் ஊதுனா இது மிரளும்மா. மிரளும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எதுக்குப் பக்கத்துல போயி நிக்கணும்?"

அக்கா என்னைப் பார்த்தார். பாயிடம், "நாளையில இருந்து வந்துருங்க" என்றார்.

பாய் மூன்று வருஷம் ஓட்டினார். முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் பிந்திப்போய் பெஞ்சு மேல் நின்றார்கள். வரிசையில் முணுமுணுப்பு. அக்கா ஒரே ஒரு மாற்றம் செய்தார். கால்மணி முன்னதாகப் பிள்ளைகளைக் கிளப்பினார். ஆறு வீட்டிலும் கதவைத் தட்டினார்.

இத்தனை கவனமாக இருக்கிறாரே, எப்போதோ ஏதோ விபரீதம் நடந்திருக்க வேண்டும் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். தம்பி வண்டியில் அடிபட்டான் என்றார் ஒருவர். முதல் குழந்தை போய்விட்டது என்றார் இன்னொருவர். ஒருநாள் துவரை உலர்த்திக்கொண்டிருக்கும்போது நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் ஆகலையே" என்றார் அக்கா. பிறகு ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். "ஏன், ஆகோணுமா?"

கட்டிய கணவர் என்றும் அக்கா பார்க்கமாட்டார். அவர் கணவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி வந்து, மூத்தவனை முன்னால் உட்காரவைக்கக் கூப்பிட்டார். அக்கா வாசலிலேயே மறித்தார். "ஒரு மாசம் அந்த எடத்துல புகையிலைச் சிப்பத்த வச்சு ஓட்டுங்க. சிப்பம் விழுகலைன்னா பெரியவன ஏத்திக்கலாம்." இருபத்தெட்டாம் நாள் வளைவில் சிப்பம் விழுந்தது. அந்த நல்ல மனிதர் அதை மறைக்கவில்லை. தானே வந்து சொல்லிவிட்டு, மறுநாள் திரும்ப முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

மறுப்பதற்கு அக்கா காரணம் கற்பித்ததில்லை. நாங்களெல்லாம் கற்பிப்போம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்போம், நாள் நல்லா இல்லை என்போம். "பொய் சொன்னா அவங்க நல்ல நாள் பாத்துட்டு மறுபடி வருவாங்க. அப்ப என்ன சொல்லுவ?" என்பார் அக்கா. இந்தக் குணம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரரான அந்தப் புகையிலை வியாபாரி நல்லவர். கிணற்றில் தண்ணீர் வற்றினால் வரிசைக்கு வண்டித் தண்ணீர் அனுப்புவார். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துத் தருவார். அவருடைய பேரனுக்குப் பழனியில் முடியிறக்க நாள் குறித்தார்கள். அந்த வருஷம் அவர் ஒரு கார் வாங்கியிருந்தார். அவர் வீட்டுப் பெரியவர்கள் முதல் நாள் இரவே பஸ்ஸில் போய்விடுவது, மறுநாள் விடியக் காரில் பேரனும் வரிசையின் பிள்ளைகளும் வருவது என்று ஏற்பாடு. காரில் போகப்போகிறோம் என்று பிள்ளைகளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. ஓட்டப்போகிறவன் சொந்தக்காரரின் சகோதரி மகன். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான்.

அக்கா அவனிடம் போனார். "ஏனுங்க தம்பி, கோட்டை மலையச் சுத்தி ஒரு சுத்து போயிட்டு வரலாமுங்களா?" அவனுக்குப் பெருமை. என்னையும் ஏற்றிக்கொண்டான்.

ஒரு முழங்கை வெளியே தொங்க, எஞ்சினைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். சந்தைப் பக்கம் ஒரு பெண் தக்காளிக் கூடையோடு எதிரே வந்தாள். அவன் ஹாரனை அழுத்தினான், வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் துள்ளி விலகியதில் கூடை சரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ரோடு முழுக்கத் தக்காளி உருண்டுகொண்டிருந்தது.

"இந்தச் சனம் ரோட்ட விட்டு நகராதுக்கா" என்று தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் அக்கா.

நிறுத்த அவனுக்குக் கொஞ்ச தூரம் ஆயிற்று. அக்கா இறங்கித் திரும்பி நடந்தார். அந்தப் பெண்ணோடு குனிந்து தக்காளி பொறுக்கிக் கூடையில் போட்டார். நானும் இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காரிலேயே வீடு வந்து சேர்ந்தேன். அக்கா முக்கால் மணி கழித்து நடந்து வந்தார்.

அன்று சாயங்காலம் சொந்தக்காரர் வரிசைக்கு வந்தபோது அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றார்.

"எங்க பிள்ளைக கார்ல வராதுங்க."

"ஏம்மா, ஒடம்புக்கு ஏதும்…?"

"ஒடம்பு நல்லா இருக்குதுங்க. தம்பி ஓட்டுறது எனக்குச் சரியாப் படலீங்க."

அவர் முகம் சிவந்தது. "எங்க வீட்டுப் பேரனே அந்த வண்டியிலதான் வாரான். தெரியும்ல?"

"அது உங்க பிரியமுங்க. நான் எங்க பிள்ளைகளுக்குத்தான் சொல்ல முடியும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

தக்காளி உருண்டதை நானும்தான் பார்த்தேன். "அனுப்புறேங்கய்யா" என்றேன்.

மறுநாள் விடியலில் என் மகள் வள்ளியும் அவள் தம்பியும் ஏறிக்கொண்டார்கள். அக்காவின் பிள்ளைகள் மூன்றும் வாசற்படியில் நின்று அழுதன. கடைக்குட்டி புழுதியில் விழுந்து புரண்டாள். அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கார் போவதைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு வரவேண்டியவர்கள். நான்கு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. நான் ரோட்டோரப் பாலத்தின் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்து நின்றேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் ஊர் மாந்தோப்புகளைப் பற்றிக் கேட்டார். கல்லாமையா, காசாலட்டா, எது முதலில் பழுக்கும் என்று கேட்டார். பதில் சொல்லச் சொல்ல அடுத்ததைக் கேட்டார். நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கார் வந்தது. அக்காதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வள்ளியைத் தூக்கி இறக்கினார். பிள்ளைகள் கையெல்லாம் பஞ்சாமிர்தம். அந்தப் பையன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "பாத்தீங்களாக்கா, ஒண்ணும் கொறையாமக் கொண்டாந்துட்டேன்!" என்றான். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

அக்காவும் சிரித்தார். "ரொம்பச் சந்தோசமுங்க தம்பி. கொறையாம வரோணும்னுதான் நாங்களும் உக்காந்திருந்தோம்."

மறுநாள் காலையில் குளிப்பாட்டும்போது வள்ளி சொன்னாள். "அம்மா, ஒட்டன்சத்திரத்துக்கிட்ட பஸ்ஸோட ரேஸ் விட்டோம்மா! நாங்கதான் ஜெயிச்சோம். எதுத்தாப்புல லாரி வந்துச்சு, மாமா இம்புட்டுக்கிட்ட வந்து ஒடிச்சாரு." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சின்ன இடைவெளி காட்டினாள். சொம்பைக் கீழே வைத்தேன்.

ஈரக் கையோடு மூன்றாம் வீட்டுக்குப் போனேன். அக்கா தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்து, குழவியை நிறுத்தினார்.

"நீ அனுப்பினத நான் தப்புச் சொல்லமாட்டேன். பயந்துட்ட. எனக்கும் பயந்தான் அம்மிணி. அவரு மூஞ்சி செவந்தப்ப எனக்குக் காலு நடுங்குச்சு. சீலைக்குள்ள இருந்ததால உங்களுக்குத் தெரியல."

அக்கா பயமில்லாதவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். பயமில்லாதவர் என்றால் அது பிறவிக் குணம், எனக்கு வராது என்று விட்டுவிடலாம். கால் நடுங்கியும் வாய் முடியாது என்று சொல்லிவிட்டது என்றால், எனக்குச் சாக்குப் போக்கு இல்லை.

அந்த மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அக்காவிடம் ஆள் வந்தது. அவர் கணவர் வேலைபார்ப்பதும் அதே வியாபாரியிடம். கொள்முதலுக்குப் போயிருந்தவர் வியாழக்கிழமை திரும்பினார். வரிசையில் மற்ற ஐந்து வீட்டுக் கதவுகளும் லேசாகத் திறந்திருந்தன. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளைக அந்த வண்டியில போகலையில்ல?"

"போகலீங்க."

"அப்ப சரி. வீடு பாக்கலாம்."

வேலையும் அடுத்த வருஷம் போயிற்று. வேறு வியாபாரியிடம் சேர்ந்தார். இதற்காக அவர் ஒருநாளும் அக்காவைக் குத்திப் பேசி நான் கேட்டதில்லை.

அவர்கள் குடிபோன வீடு ஊருக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டி. அங்கே ஜட்கா வராது. அங்கேயும் அக்கா ஒருவரைப் பிடித்தார். ஷாப்புக்குத் தோல் ஏற்றுகிற மாட்டுவண்டிக்காரர். அந்த வண்டியில் பிள்ளைகளா என்று தெரிந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்தார்கள். வாடை மட்டுமில்லை, அவர் என்ன சாதி என்பதும் அந்த மூக்குப் பிடிப்பில் இருந்தது.

"வாசம் குளிச்சாப் போயிரும்" என்றார் அக்கா. பிறகு எனக்கு மட்டும் நடந்ததைச் சொன்னார். ஒரு மழை நாள். மகளுக்குப் பரீட்சை. அவசரத்துக்கு அந்த வண்டியைத்தான் கூப்பிட்டிருக்கிறார். வழியில் ஓடையில் தண்ணீர் கலங்கி ஓடுகிறது. வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். "தண்ணி எம்புட்டு ஆழம்னு எனக்குத் தெரியாதும்மா. நான் எறக்கமாட்டேன்." அக்கா பரீட்சையைச் சொன்னார், கூலி கூடத் தருகிறேன் என்றார், கடைசியில் கோபித்தார். அவர் அசையவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டார்.

"வழியெல்லாம் நான் வஞ்சுக்கிட்டே வந்தேன் அம்மிணி. வீட்டுக்கு வந்து தல தொவட்டுறப்பத்தான் ஒறச்சுது. என்னையவே வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. இப்படி ஒரு ஆளத்தானே நான் இத்தன வருசமாத் தேடுறேன்?"

அறுபத்து மூன்றில் அவர்கள் கோயமுத்தூருக்கே போய்விட்டார்கள். கார்டு போட்டுக்கொள்வோம், பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கோடை விடுமுறையில் என் அண்ணன் நத்தத்திலிருந்து வந்தார். தோப்புக் குத்தகைக்காரர் ஒருவரின் ஜீப்பை இரவல் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். அப்பா போன பிறகு என்னை வளர்த்து, கட்டிக் கொடுத்தவர் அண்ணன்தான். மத்தியான வெயில். என் கணவர் ஆபீசில். பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்கள். தண்ணீர்ச் சொம்பை அண்ணனிடம் நீட்டியபோது வாடை அடித்தது. மதுவிலக்கு இருந்த காலம்தான். கிடைக்கிறவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"அண்ணே, பிள்ளைக இன்னைக்கு வரல."

"ஏத்தா?"

"நீ குடிச்சிருக்கண்ணே."

தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். "யாருகிட்ட பேசுற? ஒன்னையத் தூக்கி வளத்த கை ஆத்தா இது. எனக்குத் தெரியாதா எம் மருமக்கள எப்பிடிக் கொண்டுபோறதுன்னு?"

கால் நடுங்கியது. வெடவெடவென்று நடுங்கியது. நான் ஜீப்பைச் சுற்றிப் போய், வள்ளியின் கையையும் அவள் தம்பி கையையும் பிடித்தேன். "எறங்குங்க." வள்ளி அழுதாள். அவளுக்குப் பதினாலு வயது. இறங்க மறுத்து, பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கினாள். "நீயும் உள்ள வந்து படுத்துட்டு, சாயங்காலமாப் போண்ணே. சோறு போடுறேன்" என்றேன்.

"ஒஞ் சோத்த நீயே தின்னு" என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பிப் போனார். ஜீப் ஒரு கீறல் இல்லாமல் நத்தம் போய்ச் சேர்ந்தது. அதை எனக்குச் சொல்லியனுப்பவும் செய்தார்.

அதன் பிறகு பேச்சில்லை. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கல் சீர் வரவில்லை. என் கணவரே, "கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்" என்றார். நான் அக்காவுக்கு எழுதினேன். கார்டு போதாமல் கவரில் நாலு பக்கம். பதில் கார்டில் வந்தது.

'அம்மிணி, படிச்சேன். அண்ணன் பேசவில்லை என்று அழுதிருக்கிறாய். அழுதுகொள். அவரும் நல்லா இருக்கிறார். பிள்ளைகளும் நல்லா இருக்கிறார்கள். எல்லாரும் இருந்தால் பேசுவதற்கு நாளா இல்லை? உன்னை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது. வீட்டில் அவரிடமும் படித்துக் காட்டினேன்.'

அந்தக் கார்டைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

இரண்டு கோடை கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வாசலில் நின்றார். தோளில் ஒரு கூடை மாம்பழம். வேட்டியெல்லாம் பஸ் புழுதி. கூடையை வாங்கி உள்ளே வைத்தேன். இலை போட்டேன். பாதிச் சோறு சாப்பிட்டபின், இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"மருமக்கள ரெண்டு நாளைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமாத்தா? பஸ்லதான்."

என் பிள்ளைகளைப் பற்றி அண்ணன் என்னிடம் உத்தரவு கேட்டது அதுதான் முதல் தடவை. "சரிண்ணே" என்று எழுந்து உள்ளே போய்த் துணிகளைப் பையில் எடுத்துவைத்தேன். அவர்களை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வருகிற வழியில், போஸ்டாபீஸ் வாசலில் ஒருவரிடம் பேனா இரவல் வாங்கி, கோயமுத்தூருக்கு ஒரு கார்டு எழுதினேன்.

'அக்கா, அண்ணன் வந்தார். பிள்ளைகளைக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டார். நான் சரி என்றேன்.'